காதுபொத்தியின் வீட்டில் பாம்பு

என் தங்கை புருஷனுக்குப் பாம்பு பிடிக்கிற வேலை. அக்கம்பக்கத்தார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் காதுபொத்தி. அழைத்த வீட்டுக்காரர் "இவ்ளோ நீளம், பச்சையா..." என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

"என்னய்யா மாப்பிள்ளை, டாக்டர்கிட்டப் போனா நோவைச் சொல்ல வேணாமா?" என்று எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சொன்னா அதை மட்டும்தான் தேடுவேன் மச்சான். பச்சைன்னு சொன்னா வீட்ல இருக்குற பச்சையெல்லாம் எந்திரிச்சு நிக்கும். காலடியில கிடக்குறது தெரியாது."

சொல்லிவிட்டு இடது கையைக் காட்டுவார். ஒரு குடோன்காரன் 'மஞ்சப் பாம்பு' என்று கத்தியதைக் கேட்டு மஞ்சள் கயிறுகளையே துழாவிக்கொண்டிருந்தபோது, சாம்பல் நிறத்தில் ஒன்று கடித்தது. சுண்டுவிரலில் பாதி போயிற்று. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவ்வளவுதான்' என்று அதற்கும் சிரித்தவன் நான்.

போன மாதம் ஒரு மத்தியானம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, எங்க வீட்டுக்குள்ளயே பாம்பு. ஓடி வா!" வைத்துவிட்டாள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையை ஒரு வாரமாக இயந்திரம் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த புதரெல்லாம் போய்விட்டது.

நான் போனபோது தங்கை முற்றத்தில் நின்றாள். அவளுடைய சின்னப் பெண் நிழலில் குழந்தைத் தள்ளுவண்டிக்குள் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே சாமான்கள் நகரும் சத்தம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லிட்டா மச்சான். போனை எடுத்ததும் நிறத்தச் சொல்லிக் கத்திட்டா. இப்ப அது ஒண்ணுதான் கண்ணுக்குள்ள நிக்குது. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல."

"கேக்காதீங்க. சும்மா பாருங்க, போதும். எம்பொண்ணு தூங்குற வீடு இது."

உள்ளே போகும் முன் மருமகள் கன்னத்தைக் கிள்ளக் குனிந்தேன். வண்டியின் அடியில் சாமான் வைக்கும் வலைப்பையில் பழுப்புத் துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. துண்டுக்குக் கண் இருந்தது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். ஒரு கையால் குழந்தையைத் தூக்கித் தங்கையிடம் நீட்டினார், மறு கையில் கொக்கி. சுருட்டை விரியன். சின்னதுதான், ஆனால் கடித்தால் பிள்ளை பிழைக்காது.

கொக்கியால் அதைத் தூக்கிப் போட்ட டப்பாவின் மூடியைத் திருகிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இதத் தாண்டித்தானே போயிட்டுப் போயிட்டு வந்தேன்..."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அறிவுகெட்டவளே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?" என்று தங்கைமேல் பாய்ந்தேன். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது இல்ல."

மாப்பிள்ளை துள்ளி எழுந்து என் காதுகளைப் பொத்த ஓடி வந்தார். அதற்குள் சொல்லிவிட்டாள். "நான் பாத்தது கறுப்பு. கன்னங்கரேல்னு, இதுமாதிரி மூணு மடங்கு. அடுப்படிக்குள்ள போச்சு."

பயத்தில் உனக்குப் பழுப்பு கறுப்பாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல நினைத்தேன். உள்ளே போனேன். சலவை இயந்திரத்தின் குழாய் கறுப்பு. குடை கறுப்பு. வாணலியின் பிடி, மின்கம்பி, கட்டிலடிச் செருப்பு, எல்லாம் எழுந்து நின்றன. வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்றால், 'கறுப்பு' என்று தங்கை போட்ட கூச்சலைத் தெருவே கேட்டிருந்தது; நிறம் தெரியாத கண் ஒன்றுகூட மிச்சமில்லை.

மாப்பிள்ளை கதவைப் பூட்டினார்.

"அப்பா, பாம்பப் புடிச்சிட்டியா?" என்றாள் குழந்தை.

"புடிச்சிட்டேன்டா கண்ணு."

"அப்ப வீட்டுக்குள்ள போலாமா?"

அவர் காதைப் பொத்திக்கொண்டார்.