கண்ணை முதலில் எழுதுகிறவள்

மதுரையில் ஒரு பெண்பிள்ளை எதிரே வந்தால் முதலில் அவள் கழுத்தைப் பார்க்கிறார்கள், பிறகு நெற்றியை, அதற்கப்புறம்தான் முகத்தை. ரங்கூனில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. அங்கே எங்கள் தெருவில் பர்மாக்காரிகள் என் கையைத்தான் பார்ப்பார்கள். விரலில் நீலம் ஒட்டியிருந்தால், இன்றைக்கு உன் சாமி நீலமா என்று சிரிப்பார்கள். அங்கிருந்து வந்து ஆளுக்கொரு ஊரில் கிடக்கிற நம்மவர்களுக்கும் இப்படித்தான் இருக்கிறதோ என்னவோ.

என் தொழில் கண்ணாடியின் முதுகில் சாமி படம் எழுதுவது. கல்யாணமாகிப் போன இடத்தில் என் வீட்டுக்காரரிடம் கற்றேன். பிறகு அவரைவிட நன்றாக எழுதினேன், அதை அவரே சொல்வார். முதுகில் எழுதி முன்பக்கம் பார்ப்பதால் இந்த வேலையில் எல்லாமே தலைகீழ். முதலில் வைத்ததுதான் முன்னால் தெரியும். ஆகவே முதல் நாளே கண்மணி, அதன்மேல் வெள்ளை, பிறகு நகை, முகம், சேலை, கடைசியில் வானம். கண்ணை எழுதிவிட்டால் அப்புறம் நான் தனியாள் இல்லை. அம்மன் பார்த்துக்கொண்டிருப்பாள், அடுத்தது என்ன வர்ணம் என்று அவளைக் கேட்டுத்தான் தொடுவேன். எனக்கு வேறு படிப்பு கிடையாது.

குண்டு விழும் என்று பேச்சு வந்தபோது அவர் என்னைக் கப்பல் ஏற்றினார். "நீ முன்னால போ, கடைய ஒழிச்சுட்டு வாரேன்" என்றார். இரண்டு வருஷமாகிறது. தபால் இல்லை. பார்த்தேன் என்பவரும் இல்லை, போய்விட்டார் என்பவரும் இல்லை. தாலியும் பொட்டும் அவர் விட்டபடியே இருக்கின்றன.

இங்கே முதல் வேலை விளாங்குடியில் ஒரு சம்சாரி வீட்டில் கிடைத்தது. மீனாட்சி படம். கண்ணைக் கடைசியில், நாள் பார்த்துத்தான் திறக்க வேண்டும் என்றார் அந்த வீட்டுக்காரர். கண்ணாடிக்கு அது ஒத்துவராது என்றேன். நான் வீம்பு பண்ணுவதாக எடுத்துக்கொண்டார். சோற்றுக்கு வழி வேண்டுமே. கண் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டு மற்றதை எழுதினேன். பதினாறு நாள். அந்த இரண்டு ஓட்டை வழியாக என் மடிதான் தெரிந்தது. கேட்க ஆளில்லாமல் பச்சையைத் தொட்டேன்.

நாள் வந்தது. அந்தச் சம்சாரி தயங்கித்தான் கேட்டார். "ஏக்கா, தப்பா நெனைக்காதீக. அண்ணே இருக்காரா, இல்லையா? சுமங்கலி கையா இருக்கணும்ல."

இருக்கிறார் என்று சொல்லி அது பொய்யானால் அந்த வீட்டுக்கு ஆகாது. இல்லை என்றால் என் வாயாலேயே அவரைக் கொன்றதாகும். தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். என்னை வாசலில் இருக்கச் சொன்னார்கள். உள்ளே குலவை கேட்டது.

அந்த மனிதர் சிலைக்குச் செய்கிற மாதிரியே செய்துவிட்டார்: முதலில் வெள்ளை, அதன்மேல் கருமணி. நிமிர்த்தி வைத்தால் முன்பக்கம் வெறும் வெள்ளை. அழித்துவிட்டு எழுதித் தருகிறேன், ஒரு நாழிகை போதும் என்று கேட்டேன். யாரிடமும் அப்படி இறங்கிக் கேட்டவள் இல்லை நான்.

"தெறந்த கண்ண யாராச்சும் அழிப்பாகளா? பேசாமப் போங்கக்கா" என்றாள் அந்த வீட்டுக்காரரின் மனைவி, என் நெற்றியைப் பார்த்தபடி.

படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். முன்னால் நிற்கிற எங்களுக்கு அவள் பார்வை இல்லை. கருமணி இருக்கிற முதுகுப் பக்கமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அதற்கப்பால் கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவரைக் கண்டாயா என்று அவளிடம் கேட்க வேண்டும். அதற்கு நான் அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.