சுங்கை சிப்புட்டில் தங்கிப்போன கடிதம்

காலை எட்டேகால் மணி. ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் குணா காரோடு நின்றிருந்தார். சுங்கை சிப்புட் போய்த் திரும்ப நூற்றிருபது ரிங்கிட் என்று முதல் நாளே பேசியிருந்தோம். "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றார். காலைப் பலகாரத்துக்கு இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள், காதுக்கு நன்றாக இருக்கிறது. என் கைப்பையை வாங்கிப் பின்னால் வைக்கப் பார்த்தார். தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டேன். நகை இருக்கிறது என்று நினைத்திருப்பார், நினைத்துவிட்டுப் போகட்டும்.

பையில் இருந்தவை மூன்று கடிதங்கள். நான் வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் தபாலாபீசில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். என் தாத்தாவின் தாத்தா முத்தையன், மனைவி சிவகாமி பிள்ளையுண்டாகியிருந்த சமயத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். பினாங்குக்கு எதிர்க்கரையில் கரும்புத் தோட்டத்தில் வேலை. பிறகு மாட்டு வண்டி ஓட்டுவதற்காகப் பேராக்கில் லாருட் என்கிற ஈயச் சுரங்கப் பக்கம் போனார். அங்கே சுரங்கத்துச் சீனர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பேராக் அரச குடும்பத்து வாரிசுச் சண்டையும் அதில் கலந்து, வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை, லாருட் போர் என்று சரித்திரத்தில் இருக்கிறது. முத்தையன் ஆள் வைத்து எழுதி அனுப்பிய இந்த மூன்று கடிதங்களில் அந்தச் சண்டை வருகிறது. அரிசி மூட்டைக்கு நடுவே படுத்துக்கொண்டு வண்டி ஓட்டியதையெல்லாம் எழுதியிருக்கிறார். மூன்றாவது கடிதத்தோடு நின்றுவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு இவளைக் கைகழுவிவிட்டான் என்றது. எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் 'ஓடிப்போனவன் வீடு' என்றுதான் பெயர். சிவகாமி சாகிறவரை குங்குமம் வைத்திருந்தாராம். இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாதவருக்கு யார் திதி கொடுப்பது? தை அமாவாசைக்குக் கடற்கரையில் எல்லாப் பெயரையும் சொல்வோம், அந்தப் பெயரை மட்டும் விழுங்கிவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. முகவரியில் என் அப்பா பெயர், அடுத்த வரியில் 'ஓடிப்போனவன் வீடு'. அதன்மேல் நானே முத்திரை குத்தினேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் முகநூலில் ஒரு படம் வந்தது. பழுப்புத் தாளில் தமிழில் சிவகாமி அம்மாள் என்ற பெயர், கீழே எங்கள் ஊர்ப் பெயர். "எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக இருக்கும் கடிதம், உரியவர்கள் இருக்கிறார்களா?" என்று சுங்கை சிப்புட்டில் ஒரு சீனக் குடும்பம் கேட்டிருந்தது. என் அண்ணன் மகன் கண்ணில் பட்டது. அண்ணனுக்கு எழுபத்து நாலு வயது, முழங்கால் வலி. "நீ போ தங்கச்சி. அந்த ஆள் ஓடிப்போனாரா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு வா. நான் கண்ணை மூடுறதுக்குள்ள தெரியணும்" என்றார்.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் திடீர் திடீரென்று சுண்ணாம்புக் குன்றுகள் எழும்பி நிற்கின்றன. எங்கள் ஊரில் உயரமானது உப்புக் குவியல்தான், அதனால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனேன். சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, நாம் எண்ணெய்ப்பனை என்போமே, அது.

"முன்னே இதெல்லாம் கித்தாக் காடுக்கா. எங்கம்மா இங்கதான் பால்மரம் வெட்டுனாங்க" என்றார் குணா. கித்தா என்றால் ரப்பர். "ஆளுங்க குடியிருந்த லயத்தையெல்லாம் இடிச்சிட்டாங்க. நம்மாளுங்க டவுனுக்குப் போய் லோரி ஓட்டுறாங்க. ஆமா, நேத்து சொன்னீங்களே, அந்தக் காலத்துச் சண்டையில ஒங்க தாத்தா என்னா பண்ணாரு?"

"வண்டி ஓட்டினார்."

"அப்ப என்னை மாதிரிதான்லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது இருபதுக்கு, பழைய தோட்டத்து நுழைவாயிலை ஒட்டிய மளிகைக் கடையில் இறங்கினோம். கடிதத்தை வைத்திருந்த அந்தச் சீனக் கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். தவுக்கே என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள், முதலாளி என்று அர்த்தம். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். "வாங்க வாங்க, ஒக்காருங்க! அவ்ளோ தூரத்துலேருந்து வாரீங்க, களைச்சிருப்பீங்க" என்று தமிழில் வரவேற்றதும் அடேயப்பா என்றாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் மெய் லிங் பள்ளிக்கூட ஆசிரியை, தமிழ் பேசுவாள், எழுத வராது. கடைக்கு வரும் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கொண்டு முகநூலில் எழுதிப் போட்டது அவள்தான்.

தவுக்கே கதையைச் சொன்னார். அவருடைய முப்பாட்டனார் லாருட்டில் ஈயம் தோண்டியவர், சண்டையில் தோற்ற கட்சி. "அவரு பினாங்கு போறேன்னு கெளம்புனாரு. ஒரு தமிழாளு வந்து, இதைப் பினாங்குல தபால்ல சேத்துருன்னு குடுத்தாரு. ஆத்து வாயில படகை மறிச்சுட்டானுங்க. போக முடியலை. அப்புறம் உசுருக்குப் பயந்து காட்டு வழியா இங்கிட்டு ஓடியாந்துட்டாரு. சாகும்போது, கேட்டு வர்றவங்ககிட்ட குடுத்துருங்கன்னாரு. யாரும் வரலைலா."

"பிரிச்சுப் பார்க்கலையா?"

"அது எங்களோடது இல்லையே!"

என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. எழுந்து கும்பிட்டேன்.

தகரப் பெட்டியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்தார். முகநூல் படத்தில் எழுத்தை மட்டும் கிட்டத்தில் பிடித்திருந்தார்கள். இப்போதுதான் முழுத்தாளையும் பார்த்தேன். நான்கு மூலையும் கறுப்பு.

"சண்டையில எரிஞ்சது. தீயிலேருந்து தப்பிச்ச கடுதாசின்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார் தவுக்கே.

அது எரிந்ததில்லை. எரிந்த தாள் ஓரம் சுருண்டு உதிரும். இது விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து விரலால் தடவியது. ஒரு மூலையில் விரல் ரேகைகூடத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்திக் கடிதத்துக்குத்தான் அப்படிக் கரி தடவுவார்கள். வாங்குகிறவர் அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார். தெருவிலேயே பிரித்துப் படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகித்தான் உள்ளே நுழைவார். என் ஆபீசுக்கு வந்த அந்த மாதிரிக் கடிதங்களை மற்றத் தபாலோடு சேர்க்காமல் தனியாக வைப்போம்.

"தவுக்கே, இதை உள்ள வெச்சுப் படிக்கக் கூடாது" என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, நாங்க இவ்ளோ வருசமா வீட்டுக்குள்ளதானே வெச்சிருந்தோம்!"

"தெரியாம வெச்சதுக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க வெக்கலைன்னா எங்களுக்கு ஏது இது?"

மணி பத்து. கடைக்கு வெளியே மண் ரோட்டில் நான்கு பேரும் நின்றோம். ஊரில் அப்போது ஏழரை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எங்க இருக்க?"

"கூடத்துல. காபி குடிக்கிறேன். என்னாச்சு?"

"தெருவுக்கு வா."

"கரியா?" என்றார்.

"கரிதான்."

டம்ளரை வைக்கும் சத்தமும் இரும்புக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. "படி" என்றார்.

பசை காய்ந்திருந்ததால் மடிப்பு தானாகவே பிரிந்தது. புள்ளி வைக்காத பழைய எழுத்து. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"சிவகாமி அம்மாளுக்குக் கூட்டாளி காளிமுத்து எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் சீனர் சண்டை மூண்டு வழியெல்லாம் அடைபட்டிருக்கிறது. அரிசி வண்டி கொண்டுவந்த முத்தையன் வயிற்றில் குண்டு பட்டு மூன்று நாள் கிடந்து இறந்துபோனான். கிடந்த மூன்று நாளும் உமக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். தபால் வரவில்லை என்று சொன்னோம். ஊருக்குத் திரும்பச் சேர்த்து வைத்த மூட்டையை அவனோடு வைத்தே அடக்கம் செய்தோம்."

அவ்வளவுதான். என் அண்ணன் அழுது நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆம்பளப் புள்ளைன்னு சொல்லு தங்கச்சி. அங்கதானே இருக்கார், சொல்லு" என்றார்.

செம்பனையைப் பார்த்து நின்று சத்தமாகவே சொன்னேன். "ஆம்பளப் புள்ளை தாத்தா. ராமசாமின்னு பேரு வெச்சாங்க."

கிழிக்கத் தாளை மடித்தபோது மெய் லிங் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வேணாங்க அக்கா! அந்தச் சண்டையைப் பத்தின புக்கு எல்லாத்துலயும் தலைவருங்க பேருதான் இருக்கு. வண்டிக்காரரைப் பத்தி இது ஒண்ணுதான் இருக்கு." அவள் சொன்னதில் தப்பே இல்லை. காகிதத்தைக் காப்பாற்றியே சம்பளம் வாங்கியவள் நான், எனக்கு மட்டும் மனசு வருமா? ஆனால் இது சிவகாமிக்கு வந்த சாவுச் சேதி. அதைக் கண்ணாடிக்குள் வைத்தால் அவர் தலை முழுகவே முடியாது.

அண்ணனுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. "அந்த மூணு கடுதாசியையும் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடு. அது அவர் உசுரோட இருந்தப்ப எழுதினது, எந்த வீட்டுல வேணா இருக்கலாம். இதைக் கிழி. போனைக் கிட்ட வை, சத்தம் கேக்கட்டும்."

பையிலிருந்த மூன்றையும் மெய் லிங் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு போனைப் பக்கத்தில் பிடித்துக் கிழித்தேன். பழைய தாள், பெரிய சத்தமெல்லாம் இல்லை. துண்டுகளை ஓரத்து ஓடையில் விட்டேன். தவுக்கே ஊதுபத்தி கொளுத்தி மண்ணில் குத்தினார். குணா காரிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, "குனிங்கக்கா" என்று என் தலையில் ஊற்றினார். ஈரத் தலையோடு காரில் ஏறினேன். திரும்புகிற வழியில் அவர் ரேடியோவைப் போடவில்லை.

மத்தியானம் இரண்டரைக்கு ஈப்போவில் கோலாலம்பூர் ரயில் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தாறு ரிங்கிட். கைப்பை லேசாக இருந்தது, குன்றுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. முத்தையனை எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதுமில்லை. இந்த மண்ணில்தான் எங்கேயோ இருக்கிறார், ஓடவில்லை. அதற்குள் அண்ணன் கூப்பிட்டார்.

"கடல்ல முழுகிட்டு ஈரத்துணியோட வந்தேன். எதிர் வீட்டுக்காரர், யார் போயிட்டாங்கன்னு கேட்டார். தாத்தாவோட தாத்தான்னேன். சிரிப்பார்னு நெனச்சேன். தோள்துண்டை இடுப்புல இறக்கிக் கட்டிக்கிட்டு வந்து, ரெண்டு கையையும் நீட்டித் துக்கம் கேட்டார் தங்கச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சுட்டாங்க. வாசல்ல நாற்காலி பத்தலை."