கழிவுக் குளத்துத் தக்காளி

வரங்கூல் ஊர்க்காரர்கள் காலையில் கழிப்பறைப் பொத்தானை அமுக்குவார்கள், தண்ணீர் சுழன்று போகும், அத்தோடு மறந்துவிடுவார்கள். மறக்க முடியாத ஒரே ஆள் கோரலி டன்ஸ்டன். ஊர் அமுக்கியது அத்தனையும் அவள் பார்த்துக்கொள்ளும் குளங்களுக்குத்தான் வந்து சேரும். சேற்றைப் பாத்தியில் காயவைப்பதும், தெளிந்த நீரைக் கால்பந்து மைதானத்துப் புல்லுக்கு அனுப்புவதும் அவள்தான். கடைசிக் குளத்தில் கூழைக்கடாக்கள் மிதக்கும். அவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு அவை ஒருநாளும் பொத்திக்கொண்டதில்லை. ஊர்க்காரர்கள் பொத்திக்கொள்வார்கள், கோரலி குளித்துவிட்டு மதுக்கடைக்குள் வந்தாலும்.

போன வருஷம் ஊர்க் கண்காட்சிக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். நடுவர் வாயில் வைக்கவேயில்லை. மேசைப் பொறுப்பாளன் டெஸ் தட்டை ஓரத்துக்குத் தள்ளினான், அப்புறம் இன்னும் ஓரத்துக்கு. கோரலி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தானே தின்றாள். அடுத்த தடவை தன் தட்டு நடுமேசையில் நின்றாக வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

சேற்றுப் பாத்திகளில் தக்காளி தானாக முளைக்கும். வயிற்றுக்கும் சாகாது, குழாய்க்கும் சாகாது அந்த விதை. அந்தப் புதருக்குள் ஒரு செடியில் மட்டும் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டு, பூசணி மாதிரி மடிப்பு விழுந்த பழம். அது எனிட் நொய்மன் அம்மாளின் பரம்பரைத் தக்காளி. வருஷா வருஷம் முதல் பரிசு அதற்குத்தான். பெற்ற மகளுக்கே அந்தம்மாள் விதை கொடுத்ததில்லை. கோரலி விதையை எடுத்துக் கழுவி, வீட்டுத் தோட்டத்து நல்ல மண்ணில் போட்டாள்.

இந்த வருஷக் கண்காட்சியில் நடுமேசையில் இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே மாதிரிப் பழம்.

"கோரலி, பேசாம எடுத்துட்டுப் போயிடு," என்றான் டெஸ். "ஜனங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

"பாக்கத்தானே வெச்சிருக்கேன்."

எனிட் அம்மாள் கைத்தடியோடு வந்து குனிந்து பார்த்தார். முகம் பழத்துக் கோட்டைவிடச் சிவந்தது. "இது என்னுது. என் தோட்டத்துல ஏறிக் குதிச்சியா?"

"நான் எதுக்குக் குதிக்கணும் மிஸஸ் நொய்மன்? நீங்களே அனுப்பி வெச்சீங்க."

"நானா? எப்போ?"

"தினமும் காலையில. குழாய் வழியா. பாத்தியில தானா முளைச்சிருந்தது. அதோட விதைய எடுத்து வீட்டுல வளர்த்தேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த யாருக்கோ புரையேறியது. கோரலி ஒரு பழத்தை வெட்டி, உப்புத் தூவி, எல்லோர் முன்னாலும் தின்றாள். சாறு முழங்கை வரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

டெஸ் மெதுவாகத் தட்டை ஓரத்துக்கு நகர்த்தினான். கைத்தடி அவன் விரல் பக்கத்தில் மேசைமேல் டக்கென்று விழுந்தது.

"டேய், கைய எடு," என்றார் எனிட் அம்மாள். "எங்க பாட்டன் கப்பல்ல கொண்டுவந்த தக்காளி அது. எந்த வழியா வந்தா உனக்கென்ன? நடுவுலதான் இருக்கணும்."

தட்டு நடுவுக்கே திரும்பி வந்தது. நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டையும் கடித்துப் பார்த்தார். முதல் பரிசு நீல ரிப்பன் எனிட் அம்மாளுக்கு, இரண்டாம் பரிசு சிவப்பு கோரலிக்கு.

கோரலி அதைச் சட்டையில் குத்திக்கொள்ள முயன்றாள். சாறு பட்ட விரலில் ஊசி வழுக்கியது. கிழவியே ஊசியை வாங்கிக் குத்திவிட்டார், கொஞ்சம் ஆழமாகவே.

"ரெண்டாவது ரெண்டாவதுதான்," என்றார்.

"அடுத்த வருஷம் நீலம் எனக்கு," என்றாள் கோரலி. "நீங்க பாட்டுக்கு விதைய அனுப்பிக்கிட்டே இருங்க."