தீவின் மருந்துக்கடை ஆன்ட்டி

ஹூஸ்டனில் இருக்கும் எங்களுக்குக் கோடை என்றாலே கால்வெஸ்டன் தீவுதான். அந்த வருடம் தீவைப் புயல் தாக்கிய பிறகு, மூடியிருந்த பாலம் திறந்ததும், நண்பர்களிடம் சேகரித்த ஆறு மூட்டைப் பழந்துணியோடு அங்கே போனேன்.

தீவில் மருந்துக்கடை வைத்திருந்த தமிழ் ஆன்ட்டியிடம் கொடுப்பதாக எண்ணம். கடைக்குள் கடல் புகுந்துவிட்டதால் வாசலில் மடக்கு மேசை போட்டிருந்தார். குள்ளமான உருவம், காலுக்குப் பொருந்தாத ரப்பர் பூட்ஸ். வரிசையில் நின்றவர்களை, மருந்துச் சீட்டைப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒரு மூட்டையைப் பிரித்தார். மேலே ஜிப் அறுந்த ஸ்வெட்டர், அடியில் கறை படிந்த ஃபிராக்.

"இத உங்க அக்காவுக்குக் குடுப்பீங்களா தம்பி?"

ஃபிராக்கை உள்ளே திணித்து, மூட்டையை என்னிடமே திருப்பித் தந்தார்.

"வீடு போனா ரோஷமும் போயிடுமா? கரன்ட் இல்லாம ஒம்பது நாளாச்சு. இன்சுலின் வைக்க ஐஸ் இல்ல. என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா?"

இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்தவனிடம் பேசும் பேச்சா என்று பாலம் தாண்டும்வரை பொருமினேன். பிறகு காரை நிறுத்தி மற்ற மூட்டைகளையும் பிரித்தேன். உடுத்தும்படி ஒரு துணி இல்லை. குப்பையில் போட வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுப் பாராட்டும் வாங்கியிருந்தோம். கோபம் அப்போது எங்கள் மீது திரும்பியது, இன்னும் தணியவில்லை.

சாயங்காலம் கார் நிறைய ஐஸோடு திரும்பினேன். ஆன்ட்டி நன்றி சொல்லவில்லை. "நாளைக்கும் வேணும்" என்றார்.

கரன்ட் வரும்வரை தினமும் போனேன். அன்று அவர் புன்னகையோடு மூட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தால், நல்லவன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போயிருப்பேன்.