முந்திக்கொள்ளும் வணக்கம்

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் உடுப்புத் தோய்க்கப் போகும் லாண்டரியில்தான் அவரைக் கண்டேன். அவர் முகத்தைப் பார்க்கும் தமிழர்கள், தமிழர் என்று நினைக்காமல் ஆங்கிலத்தில்தான் வாய் திறப்பார்கள். அதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை. "வணக்கம், நான் மட்டக்களப்பு" என்று முந்திவிடுவார்.

ஒருநாள் கைபேசியில் இரண்டு மரபணுச் சோதனைகளைக் காட்டி, எதை வாங்கலாம் என்று கேட்டார். அம்மா தாய்லாந்துக்காரி, இவருடைய சிறு வயதிலேயே இறந்துபோனார். மட்டக்களப்புத் தமிழரான அப்பாவும் இப்போது இல்லை. அம்மாவின் சொந்தங்களைத் தேட வேண்டுமாம்.

"கனபேர் செய்யிறதை எடுங்கோ" என்றேன்.

"கனடாக்காரர் கனபேர் இருந்து எனக்கென்ன? அம்மாட ஆக்களும் எச்சில் குடுத்திருந்தால்தானே காட்டும்" என்றார். ஆசிய நாட்டவர் கூடுதலாகச் செய்யும் சோதனையையே வாங்கினார்.

பனி கரையும் காலத்தில் மறுபடி கண்டேன். சோதனையில் பாங்கொக்கில் தூரத்துச் சொந்தம் ஒருவர் அகப்பட்டிருந்தார்.

"என்ன எழுதினீங்கள்?"

கைபேசியை நீட்டினார். 'வணக்கம், நான் மட்டக்களப்பு' என்று தமிழில் இருந்தது.

"பழக்கத்தில அனுப்பிப்போட்டன். பேந்துதான் இங்கிலிசில எழுதினன்."

இரண்டுக்கும் பதில் வந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கண்டால் நானே முந்தி வணக்கம் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார், வேறு யாருக்கோ சொன்னேன் என்று.