எண்பதில் நின்ற முள்

என் மாமா விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அயனம்பாக்கத்தில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மாடி கட்டுவார்கள், மாடி இருந்தால் அதன் மேல் இன்னொரு மாடி கட்டுவார்கள். அம்மாவின் தம்பியான இவர் மட்டும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு வாடகை ஷெட்டுக்குப் போய், இரண்டு பேர் உட்காரும் பிளேன் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் நின்றது. முதலில் வால் வந்தது, அப்புறம் உடம்பு, எனக்கு ஒன்பது வயதான வருஷம் எஞ்சின்.

ஆயுதபூஜை முடிந்த அடுத்த வாரம் அதை லாரியில் ஏற்றி, வெளியூரில் ஓடுபாதை இருக்கும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எல்லாரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ஒரே ஒரு தடைதான் பாக்கி. மாமாவின் மனைவி, என் அத்தை, பிளேனின் மீட்டர் முள்களை வைத்து ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"ஒரு முள்ளு பொய் சொன்னாலும் நீ ஏறக்கூடாது. சொல்ட்டேன்."

மாமா கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார். அத்தை பிளேனைத் திட்டியதே இல்லை. ஷெட்டுக்குச் சோறு கொண்டுவருவாள், மாமா ரிவெட் அடிக்கும்போது தகட்டைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் இவர் மேலே பறக்கப்போகிற பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அவளுக்கு வேலை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

மற்ற முள்ளெல்லாம் தேறிவிட்டது. மிச்சம் இருந்தது எஞ்சின் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் முள். அதற்கு ஏன் இத்தனை பாடு என்று மாமாவிடம் கேட்டேன்.

"ஆயிலு சூடாயிட்சின்னா எஞ்சினு பிட்சிக்கும். பைக்குன்னா ஓரங்கட்லாம். மேல போயி எங்க ஓரங்கட்றது?"

சோதனை சுலபமானது. சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரை எஞ்சினில் இருந்து அதன் ஒயரோடு கழற்றி, அதன் நுனி மட்டும் நனைகிற மாதிரி சட்டியில் தண்ணீர் வைத்துச் சூடாக்க வேண்டும். சென்சாரின் தலையை ஒரு கிளிப்பால் கவ்வி, கிளிப்பின் ஒயரை எஞ்சினோடு சேர்க்க வேண்டும், அப்போதுதான் அதில் மின்சாரம் ஓடும். அத்தை சட்டிக்குள் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு அது காட்டுவதைச் சொல்வாள். முள் காட்டுவதை நான் சொல்வேன். ஆமாம், நான்தான். பிளேனுக்குள், ஓட்டுபவர் சீட்டில், இரண்டு தலையணை போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். அன்று எனக்கு இருந்த மிதப்பு இன்றுவரை வேறு எதிலும் வரவில்லை.

பச்சைத் தண்ணீரில் இரண்டும் ஒன்றாகவே காட்டின. மாமா விசிலடித்தார். அடுப்பைப் போட்டதும் சூடு ஏற ஏற என் முள் பின்தங்கியது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அத்தை நூறு என்றாள். என் முள் எண்பதில் நின்றது, அங்கேயே கொஞ்சம் நடுங்கியது. நான் நூறு என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். சொல்லவில்லை.

மாமா தண்ணீரை மாற்றிப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார். எண்பதுதான். சென்சார் செத்துவிட்டது, புதிது வெளிநாட்டில் இருந்து வரவேண்டும், எத்தனை மாசமாகுமோ என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். லாரியை வேண்டாம் என்று சொல்ல மாமா போனை எடுத்தார்.

அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு, சென்சாரைத் துணியால் பிடித்து எடுத்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கெட்டுப்போனதே ஒரு சின்ன சாமான், அதில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு திரும்பினாள்.

"இன்னாயா, இதும் மேல பூஜ சந்தனம் அப்டியே கீது. கிளிப்ப அதும் மேலயா மாட்ன?"

ஆயுதபூஜை அன்று பலகையில் பரப்பி வைத்த ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் அத்தைதான். பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? மாமாவும் துடைக்காமல் பயபக்தியோடு எடுத்துப் பூட்டியிருக்கிறார், கழற்றியபோதும் பொட்டோடு கழற்றியிருக்கிறார். காய்ந்த சந்தனத்தைத் தாண்டி மின்சாரம் சரியாகப் போகவில்லை. சூடு கூடக்கூட, தப்பும் கூடியிருக்கிறது.

அத்தை கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். முனைகளில் ஒட்டியிருந்ததையும் விடாமல் சுரண்டி, முந்தானையில் துடைத்து, மாமா கையில் கொடுத்தாள்.

மறுபடி தண்ணீர் கொதித்தது. எண்பது என்று கத்தினேன். எண்பத்தைந்து. தொண்ணூறு. மாமா சட்டியையும் மறந்து ஓடிவந்து இறக்கையைப் பிடித்துக்கொண்டார். முள் நூறில் போய் உட்கார்ந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தை மட்டும் கைதட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்குக் கோபமான கோபம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முள் கதையை மூச்சுவிடாமல் சொல்லி, கடைசியில் அத்தையைப் பற்றிக் கோள் மூட்டினேன். அவளுக்குச் சந்தோஷமே இல்லை என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சந்தனத்த அவளேவா பார்த்து சொன்னா? வாய மூடிகினு இருந்திருந்தா தம்பி ஏறியிருக்கவே மாட்டானே."

ஆமாம், அவளேதான் நகத்தால் சுரண்டினாள் என்றேன். அம்மா உடனே போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடி நின்றாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்து, முள் நூறைத் தொட்டது எப்படி என்பதை முதலில் இருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.