பெயர் வைக்கும் வேலை

மதுரை மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தார் அவர். ஒல்லி உடம்பு, கழுத்தில் சிறிய சிலுவை. கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைப்பார். முனகும் மின்விசிறி வாத்தியார். ஊசிகள் வரும் தள்ளுவண்டி மாமியார். தன் வயிற்றில் இருந்த கட்டி வாடகைக்காரன்.

எனக்குத் தொண்டையில் கட்டி. பயத்தில் கஞ்சிகூட இறங்கவில்லை.

"ஆண்டவர் என்னை எதுக்குத்தான் படைச்சாரோ" என்றேன்.

"பேரு வைக்கத்தாண்ணே. மிருகத்தையெல்லாம் ஆதாம் முன்னால கொண்டாந்து நிப்பாட்டுனாருல்ல. சிங்கம் நின்னுருக்கும், பாம்பு நின்னுருக்கும். எம்புட்டு நடுங்கியிருப்பான்? ஆனாலும் ஒண்ணொண்ணுக்கா பேரு வச்சான். ஒங்க கட்டிக்கும் ஒண்ணு வைங்க. வச்சுட்டா அத ஏறிட்டுப் பாக்கலாம்."

சொல்லும்போது, போர்வையைப் பிடித்திருந்த அவர் விரல்களும் நடுங்கின.

மறுநாள் காலை அவரை அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "வாரேண்ணே" என்றார்.

மாலையில் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார்கள். அப்போதுதான் பணிக்கு வந்திருந்த நர்ஸிடம், இங்கே இருந்தவர் எங்கே என்று கேட்டேன்.

"பேரு சொல்லுங்க சார், பாத்துச் சொல்றேன்."

எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே வாத்தியார் முனகிக்கொண்டிருந்தார்.